கோதண்டராமன் சேரிடம் யார் சொல்வது

நான்கு கோலால் பின்னுக்கு நின்ற ஒரு சனிக்கிழமை காலை. சிந்து நடுக்கோட்டில் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள். இரண்டு பேரை வெட்டித் தாண்டிவிட்டாள். முன்னால் எதிரணியின் கோல்கீப்பரைத் தவிர ஒருவரும் இல்லை. சீசன் தொடங்கி நாங்கள் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. மழைக்கோட்டும் குடையுமாக மைதான ஓரத்தில் நின்ற பெற்றோர் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அப்போதுதான் எங்கள் கோச் கோதண்டராமன் சேர் கையிலிருந்த ஸ்டொப்வாச்சைப் பார்த்துவிட்டு, "சிந்து, உன் டைம் முடிஞ்சுதும்மா, அடுத்த விசிலுக்கு வெளிய வந்துடு" என்று கூப்பிட்டார். மரியாதை தெரிந்த பிள்ளை. ஆசிரியர் கூப்பிடுகிறாரே என்று திரும்பிப் பார்த்தாள். பந்து கோல்கீப்பரின் கைக்குள் போய்ச் சேர்ந்தது.

"இந்த மனுசனுக்கு விசர்" என்றேன் நான்.

பக்கத்தில் நின்ற சிந்துவின் அம்மா லக்ஷ்மிப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்ன ரதி அக்கா இது? எங்க வீட்டு மிக்ஸியைக் கொண்டாந்து நிக்க வச்சாக்கூட இதவிட நல்லா கோச் பண்ணும்."

நாங்கள் குடியேறி வந்த இந்த நாட்டில் ஹைஸ்கூலையும் கொலிஜ் என்றுதான் சொல்வார்கள். என் மகள் சிவானி அங்கே கடைசி வருடம் படிக்கிறாள். பெண்கள் முதல் அணியின் இரண்டு கோல்கீப்பர்களில் ஒருத்தி. பழைய கோச் சம்பளம் கூட என்று அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். கோச் இல்லாவிட்டால் அணியையே போட்டியிலிருந்து எடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடம் சொன்னபோது, ஒருவரும் முன்வராத இடத்தில் கையைத் தூக்கியவர் கெமிஸ்ட்ரி படிப்பிக்கிற கோதண்டராமன் சேர். கும்பகோணத்துக்காரர். வாழ்நாளில் பந்தை உதைத்ததில்லை என்று அவரே பெருமையாகச் சொல்வார். அந்த நன்றிக்காக முதல் இரண்டு கிழமை நாங்கள் அவரைக் கோயில் கட்டிக் கும்பிடாத குறை. மூன்றாவது கிழமை, மட்ச் தொடங்கியதும், எங்களுக்கு இரத்தக் கொதிப்பு வந்துவிட்டது.

அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. எல்லாப் பிள்ளையும் சமமான நேரம் விளையாட வேண்டும், எல்லாப் பிள்ளையும் எல்லா இடத்திலும் விளையாடிப் பழக வேண்டும். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் அதற்காக, ஓடத் தெரிந்தவளைப் பின்னுக்கும் ஓடமுடியாதவளை முன்னுக்கும் விட்டால் என்ன நடக்கும்? ஐந்து, ஆறு, ஏழு என்று கோல் விழும். இடைவேளையில் பிள்ளைகளுக்குத் தோடம்பழத் துண்டுகளை நீட்டிக்கொண்டு, "ரொம்ப நல்லா ஆடுறீங்கம்மா, இன்னும் கொஞ்சம் வேகம் இருந்தா போதும்" என்பார். அதுதான் அவருடைய முழுத் தந்திரோபாயமும்.

நான் பந்தடித்தவள் அல்ல. மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிறவள். ஆனால் எனக்குக் கண் இருக்கிறது. சிவானி முதல் பாதிக்கு நிற்பாள், மியா என்கிற சின்ன வகுப்புப் பிள்ளை இரண்டாம் பாதிக்கு நிற்பாள். நன்றாகக் கை சூடாகி நிற்கிற பிள்ளையை இடைவேளையோடு கழற்றிவிட்டால் அவள் எப்படி முன்னேறுவாள்? முதல் பாதியில்தான் கோல் கூடுதலாக விழுகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். அது காற்றால். காற்று எப்போதும் முதல் பாதியில் சிவானியின் முகத்துக்கு நேரே அடிக்கும். இதை நான் சொல்லும்போது என் கணவர் இராசநாயகம் தொண்டையைச் செருமுவார், ஒன்றும் சொல்லமாட்டார்.

அவர் அப்படித்தான். ஒவ்வொரு பள்ளிக்கூடமும் கோட்டில் நின்று பிழைக்குக் கொடி காட்ட ஒரு பெற்றோரைத் தர வேண்டும் என்பது இங்கே வழக்கம். எங்கள் பக்கத்துக் கொடி இராசநாயகத்தின் கையில். இந்த ஆறு கிழமையில் அவர் அந்தக் கொடியை உயர்த்தி நான் பார்க்கவில்லை. எதிரணிப் பிள்ளைகள் மனம் நோகும் என்று நினைத்தாரோ என்னவோ.

இனிதான் சொல்ல வேண்டிய விஷயம். சிந்து அந்தக் கோலைத் தவறவிட்ட அன்று ஏழுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். கடைசி விசில் ஊதியதும் சேர் ஸ்டொப்வாச்சைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்து நடந்துவந்தார். அவர் கிட்ட வர வர எங்கள் எல்லோருக்கும் என்னவோ நடந்தது. லக்ஷ்மிப்ரியா ஜாக்கெட் பைக்குள் இருந்த கைகளை வெளியே எடுத்தாள். மடக்குக் கதிரையில் இருந்தவர்கள் எழும்பினார்கள். நான் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினேன்.

"சேர், இந்தாங்கோ, குளிருக்குக் குடியுங்கோ. பிள்ளையள் இண்டைக்கு நல்லா விளையாடினவை."

"ஆமா சார், செம இம்ப்ரூவ்மென்ட் சார்" என்றாள் லக்ஷ்மிப்ரியா.

"உங்கட பொறுமைக்கு நாங்கள் குடுத்து வைச்சிருக்கோணும் சேர்" என்றேன் நான். சொன்னது நான்தான். என் வாய்தான். கொஞ்சத்துக்கு முன் விசர், பைத்தியம் என்று சொன்ன அதே வாய்.

பயம் என்று நினைக்காதீர்கள், மார்க்ஸ் குறைக்கிற ஆள் அல்ல அவர். ஆசிரியர் என்று ஒருவர் முன்னால் வந்து நின்றால் எங்களுக்கு நாக்கு தானாக மடங்கிவிடும். யாழ்ப்பாணத்தவருக்கும் தமிழ்நாட்டவருக்கும் நூறு விஷயத்தில் ஒத்துவராது. இந்த ஒன்றில் நாங்கள் ஒரே சாதி. சேர் எங்கள் தேத்தண்ணியைக் குடித்து, எங்கள் ரோல்ஸைச் சாப்பிட்டு, முகம் மலர்ந்து போவார். நாங்கள் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் திட்டத் தொடங்குவோம். த்ரீ கிங்ஸில் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் நான் நிறுத்தமாட்டேன். பின்சீட்டில் சிவானி சேற்றுக் காலுறையோடு இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வருவாள்.

ஜூன் நடுவில் ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட விளையாட்டுப் பொறுப்பாளர் டெப்ரா மைதானத்துக்கு வந்தாள். சேரும் கூட வந்தார். டெப்ரா சுற்றி வளைக்கவில்லை. அரோஹா என்று ஒரு பெண், மாகாண அணிக்கு விளையாடினவள், இப்போது பிசியோதெரபிஸ்ட், எங்கள் பிள்ளைகளுக்குக் கோச்சாக வர விரும்புகிறாளாம். கோதண்டராமன் தன் நேரத்தைக் கொடுத்து உதவுகிறவர், அவரைத் தூக்கிவிட்டு இன்னொருவரைப் போடுகிற எண்ணம் தனக்கு இல்லையாம். குடும்பங்கள் என்ன நினைக்கின்றனவோ அதன்படி செய்யலாம் என்று அவரும் சொல்கிறாராம். "ஆகவே உங்களையே கேட்கிறேன். இப்போது இருக்கிற மாதிரி உங்களுக்குச் சந்தோசமா?"

சேர் அவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு சின்னச் சிரிப்போடு எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

கடவுள் தட்டில் வைத்து நீட்டுகிறார். ஒரு சொல் சொன்னால் போதும். நான் லக்ஷ்மிப்ரியாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

"வெரி ஹாப்பி" என்றாள் லக்ஷ்மிப்ரியா.

"சேர் எங்களுக்குக் குடும்பத்தில ஒராள் மாதிரி" என்று நான் இங்கிலீசில் சொன்னேன். கொடியோடு நின்ற இராசநாயகம் தலையாட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள். யாரோ கைதட்டினார்கள்கூட. சேரின் கண் கலங்கிப்போனது. டெப்ரா தோளைக் குலுக்கி, "அப்படியென்றால் சரி, வெள்ளிக்கிழமைவரை அரோஹா முடிவுக்குப் பார்த்திருப்பாள், அதற்குப் பிறகு வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள், மனம் மாறினால் சொல்லுங்கள்" என்று போய்விட்டாள்.

பிள்ளைகள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார்கள். எல்லாம் கேட்டிருக்கிறது. அன்று காருக்குள் நான் வாய் திறக்கவில்லை. சிவானிதான் திறந்தாள். அவளுக்குத் தமிழ் எல்லாம் விளங்கும், ஆனால் பதில் இங்கிலீசில்தான் வரும்.

"நீங்கள் கிழமை முழுக்க வீட்டில் கத்துகிறீர்கள். அவர் எங்களை அழிக்கிறார் என்கிறீர்கள். கேட்டபோது ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

"சேருக்கு முன்னால எப்பிடியம்மா சொல்லுறது?"

"அப்ப யார்தான் சொல்வது?"

"அது… பெரியாக்கள் பார்த்துச் செய்வம்."

"இது எங்களுடைய கடைசி வருடம் அம்மா. எனக்கு, சிந்துவுக்கு, நிறையப் பேருக்கு. பிறகு எங்களுக்கு இந்த அணியே இல்லை." அவள் குரல் உடைந்தது. "நீங்கள் நல்ல பெயர் எடுப்பதற்காக நாங்கள் ஏன் தோற்க வேண்டும்?"

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை சொன்னதில் பிழை இல்லை. அன்றிலிருந்து சிவானி என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். கோபத்தைத் தாங்கலாம், ஆனால் தாயின் வாயை நம்பமுடியாது என்று அந்தப் பிள்ளை முடிவெடுத்துவிட்டதைத் தாங்க முடியவில்லை.

பெற்றோர் வாட்ஸப்பில் நான்கு நாள் ஆலோசனை நடந்தது. யார் சொல்வது? ஆம்பிளைகள் சொன்னால் சண்டை மாதிரி இருக்குமாம். எழுதி அனுப்பினால் மரியாதை இல்லையாம். டெப்ராவிடம் தனியாகச் சொல்வது முதுகில் குத்துவதாம். கடைசியில் லக்ஷ்மிப்ரியா எழுதினாள்: "ரதி அக்கா நல்லா பேசுவாங்க." உடனே பன்னிரண்டு பேர் கும்பிட்ட கை போட்டார்கள். கத்துகிறவள்தான் கதைக்கவும் வேண்டும் போல.

வியாழக்கிழமை வேலை முடிந்து, நானும் இராசநாயகமும் லின்ஃபீல்டில் சேர் வீட்டுக்குப் போனோம். "நீ கதை, நான் பக்கத்தில இருக்கிறன்" என்றார் இராசநாயகம். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவருடைய பங்கு இதுதான்.

கதவைத் திறந்தவர் சேரின் மனைவி அம்புஜம். உட்கார வைத்துக் காப்பி போட உள்ளே போனார். சாப்பாட்டு மேசையில் பச்சைத் துணி விரித்து, அதன்மேல் சோதனைக் குழாயை மூடுகிற கார்க்குகள் அடுக்கியிருந்தன. ஒரு பக்கம் பதினொன்று, மறுபக்கம் பதினொன்று. சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவற்றை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. இந்த ஆஃப்சைடு ரூல் இப்பத்தான் கொஞ்சம் புரியுது" என்றார். "யூடியூப்ல ஒருத்தர் நல்லா சொல்லித் தர்றார்."

சீசனில் பாதி முடிந்துவிட்டது, மனுசனுக்கு இப்போதுதான் ஆஃப்சைட் விளங்குகிறது. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கார்க்குகளைப் பார்த்ததும் மனம் இளகிப்போய்விட்டது. எங்கள் பக்கத்துக் கார்க் ஒவ்வொன்றிலும் சின்ன எழுத்தில் எங்கள் பிள்ளைகளின் பெயர்களை எழுதியிருந்தார். இந்த நல்ல மனுசனிடம் போய் எதைச் சொல்வது? காப்பியைக் குடித்துவிட்டு எழும்பிவிடலாம் என்று தோன்றியது. இராசநாயகத்தின் முகமும் அதையேதான் சொன்னது.

சேரே ஆரம்பித்தார். "நீங்க வந்தது நல்லதா போச்சு. எனக்கு ஒரு குழப்பம். செவ்வாய்க்கிழமை சிவானி லேபுக்கு வந்தா."

"எங்கட சிவானியோ?"

"ஆமா. கதவைச் சாத்திட்டு நின்னுக்கிட்டே சொன்னா. 'சார், நீங்க நல்ல டீச்சர். ஆனா உங்களுக்குக் கோச்சிங் வரல. அரோஹாவை வரவிடுங்க' அப்படின்னா. முப்பது வருஷமா வாத்தியாரா இருக்கேன், ஒரு குழந்தை என்கிட்ட இப்படிச் சொன்னதில்ல." அவர் ஒரு கார்க்கை எடுத்து உருட்டினார். "எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உங்க அம்மாவும் இதைத்தான் நினைக்கிறாங்களான்னு கேட்டேன். இல்ல சார், அம்மாவுக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும், அவங்க அன்னைக்குச் சொன்னது மனசார சொன்னது, இது நான் மட்டும் நினைக்கிறதுன்னு சொன்னா."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என்னோடு ஒரு சொல் கதைக்காத பிள்ளை, தன் பேச்சுக்குத் தானே பொறுப்பேற்று, என்னைக் காப்பாற்றிவிட்டு வந்திருக்கிறாள். எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள்.

"குழந்தை ஒண்ணு சொல்லுது, பேரன்ட்ஸ் நீங்க எல்லாரும் வேற சொல்றீங்க" என்றார் சேர். "இத்தனை பேர் ஆசையா இருக்கும்போது, ஒரு பொண்ணுக்காக விட்டுட்டுப் போனா உங்களை அவமதிச்ச மாதிரி ஆயிடாதா? நாளைக்குள்ள டெப்ராவுக்குச் சொல்லணும். நீங்களே சொல்லுங்க, என்ன செய்யட்டும்?"

அம்புஜம் காப்பித் தட்டோடு கதவடியில் நின்றுவிட்டார். நான் இராசநாயகத்தைப் பார்த்தேன். அவர் தன் முழங்காலைப் பார்த்தார்.

"சேர்" என்றேன். "சிவானி சொன்னது பொய்."

"எது?"

"எனக்குப் பிடிக்கும் எண்டு சொன்னது. இல்லை, உங்களைப் பிடிக்கும் சேர், அது உண்மை. ஆனா உங்கட கோச்சிங் எனக்குப் பிடிக்கேல்ல. ஒருத்தருக்கும் பிடிக்கேல்ல. பிள்ளையள் தோக்கிறது உங்களாலதான் சேர். அரோஹா வரட்டும்."

சொல்லிவிட்டேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். இராசநாயகம் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

சேர், பெயர் எழுதிய கார்க்குகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டார். அவருக்கு நோகத்தான் செய்தது. நோகவில்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை.

"எப்பலேர்ந்து இப்படி நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"முதல் மட்ச்சிலயிருந்து சேர்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. டெப்ராவைக் கூட்டிக்கிட்டு வந்து உங்க எல்லார் முன்னாடியும் எதுக்குக் கேக்கச் சொன்னேன்? யாராவது ஒருத்தர் போதும்னு சொல்லிட மாட்டாங்களான்னுதான். வெள்ளிக்கிழமை வந்தாலே நாளைக்கு மேட்ச் நின்னுடாதான்னு வானத்தைப் பார்ப்பேன். நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நான் எப்படி விடுறது?"

"நான் இவர்கிட்ட மே மாசத்துலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்" என்றார் அம்புஜம், தட்டை மேசையில் வைத்தபடி. "உங்களுக்கு எதுக்கு இந்தப் பந்து வேலைன்னு. பேரன்ட்ஸ் மனசு நோகும்கறார்."

இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்து, நடுவில் பிள்ளைகள் ஏழு எட்டு என்று கோல் வாங்கியிருக்கிறார்கள். சேர் எங்களுக்கு முன்னாலேயே டெப்ராவுக்குப் போன் எடுத்தார். வீட்டுக்குத் திரும்பியதும் சிவானியின் அறைக் கதவைத் தட்டி, "சேருக்கு உண்மையைச் சொல்லிப் போட்டு வாறன்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முகத்துக்கு நேரேயா?" "ஓம்." எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் இன்னும் பத்து ஆசிரியர்களிடம் போய்ச் சொல்லியிருப்பேன்.

அடுத்த கிழமை அரோஹா வந்தாள். பிள்ளைகள் பயிற்சி முடிந்து நடக்கமுடியாமல் வீட்டுக்கு வந்தார்கள், ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. சனிக்கிழமை நான் நேரத்தோடேயே மைதானத்துக்குப் போய்விட்டேன். மழை இல்லை, காற்றும் இல்லை. கோதண்டராமன் சேரும் வந்தார். எங்கே நிற்பதென்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறிவிட்டு எங்கள் பக்கம் வந்து என்னருகில் நின்றார். "இப்ப நானும் உங்க கட்சி" என்றார்.

அணி மைதானத்துக்குள் இறங்கியது. கோலில் மியா நின்றாள். சிவானி பெஞ்சில் இருந்தாள்.

சரி, இன்றைக்கு மாறி இரண்டாம் பாதிக்கு விடப்போகிறாள் போல என்று நினைத்தேன். அணி வேறு அணியாக இருந்தது. சிந்துவை முன்னால் விட்டு அவளை அங்கேயே விட்டிருந்தாள் அரோஹா. ஒருவரும் இடம் மாறி ஓடவில்லை. இருபது நிமிடத்தில் சிந்து ஒரு கோல் போட்டாள், எங்கள் முதல் கோல். லக்ஷ்மிப்ரியா கத்திய கத்தலில் பக்கத்து மைதானத்து ஆட்டமே ஒரு கணம் நின்றது. நானும் கத்தினேன்.

இடைவேளை முடிந்தது. மியாதான் திரும்பவும் கோலுக்குப் போனாள்.

நான் கதிரையை விட்டு எழும்பினேன். "இதென்ன இது? எங்கட பிள்ளையை விடேல்லையே? கடைசி வருசப் பிள்ளை. அவளுக்கு இனி வேற வருசம் இருக்கோ? இவ என்ன கோச்?"

"ரதி அக்கா, இருங்க, கொஞ்சம் பொறுங்க" என்றாள் லக்ஷ்மிப்ரியா. அவளுக்கென்ன, அவளுடைய மகள் கோல் போட்டுவிட்டாள்.

"பொறுக்கிறதோ? நான் இப்ப முகத்துக்கு நேர கதைக்கப் பழகிப் போட்டன். போய்க் கேக்கிறன்." பிளாஸ்க் மூடியைப் புல்லில் போட்டுவிட்டு நடக்கத் தொடங்கினேன்.

சேர் என் பின்னாலேயே ஓடி வந்தார். "நில்லுங்கம்மா. அவளுக்குத் தெரியும்."

"ஆருக்கு?"

"சிவானிக்கு. அன்னைக்கு லேபுல நான் கேட்டேன். அரோஹா வந்தா உனக்கு என்ன லாபம்னு. லாபம் இல்ல சார், எனக்கு ஆட்டமே கிடைக்காது, மியா என்னைவிட நல்லா பிடிப்பா, ஒழுங்கான கோச் யாரா இருந்தாலும் அவளைத்தான் விடுவாங்கன்னு சொன்னா. நீங்க சமமா பிரிச்சுக் குடுக்கறதாலதான் நான் ஆடுறேன், ஆனா நாங்க ஒரு தடவையாவது ஜெயிக்கணும் சார்னு சொன்னா." அவர் மூச்சு வாங்கினார். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டா. அதனாலதான் அன்னைக்குச் சொல்லல."

நான் அப்படியே நின்றேன். மைதானத்தில் எதிரணிப் பிள்ளை ஒருத்தி தூரத்திலிருந்து ஓங்கி அடித்தாள். பந்து மேல்மூலைக்குப் போனது. மியா பக்கவாட்டில் பாய்ந்து விரல் நுனியால் தட்டிவிட்டு, சேற்றில் விழுந்து எழும்பினாள். அந்தப் பந்தை என் மகள் பிடித்திருக்கமாட்டாள். காற்றடித்தாலும் சரி, அடிக்காவிட்டாலும் சரி. எனக்கு அது கண்ணுக்கு முன்னால் தெளிவாகத் தெரிந்தது. பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்து, "மியா! மியா!" என்று தொண்டை கிழியக் கத்தியது சிவானிதான்.

நான் அரோஹாவிடம் போகவில்லை. சேருக்குப் பக்கத்தில் நின்று மிச்ச ஆட்டத்தைப் பார்த்தேன். கண்ணீரால் பாதி தெரியவில்லை.

ஒன்றுக்குப் பூச்சியம். வென்றுவிட்டோம். பிள்ளைகள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். சிவானி அந்தக் குவியலுக்குள் போய்விட்டு வந்தாள். எல்லோருடைய ஜேர்சியும் சேறு, அவளுடையதில் மற்றவர்களிடமிருந்து ஒட்டிய சேறு மட்டும்தான். சிரித்துக்கொண்டுதான் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சேரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரிஞ்சிட்டுதா?" என்றாள், தமிழில்.

"ஓம்."

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கள்" என்று பிறகு இங்கிலீசில் கேட்டாள். "அவள் என்னைவிட நல்லாப் பிடிக்கிறாள்தானே?"

நீயும் நல்லாத்தான் பிடிக்கிறாய், காற்றுத்தான் பிழை என்று சொல்ல வாய் உன்னியது. எந்தத் தாய்க்கும் அந்த வாய்தான் இருக்கும். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் பிள்ளை" என்றேன். "அவள்தான் நல்லாப் பிடிக்கிறாள்."

காலையிலிருந்து, ஏன், சீசன் முழுக்கவுமே அடக்கி வைத்திருந்தாளோ தெரியாது, என் தோளில் முகத்தை வைத்து அழத் தொடங்கினாள். ஒன்றும் சொல்லி ஆற்றாமல் நான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.